மருந்துச் சீட்டும் கைபேசியும்: நம் வீட்டு நோயாளிகளின் பாதுகாப்பு



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வருகிற குடும்பங்களிடம் நாம் முதலில் கேட்பது எவ்வளவு பணம் வேண்டும் என்பதை அல்ல. சீட்டுகளைக் கொண்டுவந்திருக்கிறீர்களா என்றுதான் கேட்கிறோம். உடனே ஜவுளிக்கடைப் பை ஒன்று மேசைக்கு வரும். அதற்குள் எக்ஸ்ரே படம், மடித்து மடித்துக் கிழிந்துபோன மருந்துச் சீட்டு, எழுத்து மங்கிய இசிஜி தாள், மூன்று வருடத்துக்கு முந்தைய இரத்தப் பரிசோதனை, நடுவில் ஒரு மின்கட்டண ரசீது என எல்லாம் கலந்து கிடக்கும். எது முதலில் எடுத்தது, எது கடைசியில் எடுத்தது, இப்போது சாப்பிடுகிற மாத்திரை எந்தச் சீட்டில் உள்ளது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வருவதில்லை. "அந்த வெள்ளை மாத்திரை, பாதியாக உடைத்துச் சாப்பிடுவார்களே, அதுதான்" என்பார்கள்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. நம் பகுதி மக்களின் மருத்துவப் பயணமே அப்படித்தான் அமைந்திருக்கிறது. காய்ச்சல், சளி என்றால் ஊர் மருத்துவர். நெஞ்சு வலித்தால் சிதம்பரம். நாம் இன்றும் ராஜா முத்தையா என்று சொல்கிற அந்த மருத்துவமனை, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திடமிருந்து அரசின் கைக்கு மாறி, கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. கடலூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் மஞ்சக்குப்பத்திலுள்ள அரசு தலைமை மருத்துவமனைக்குப் போகின்றன. அங்கே முடியாவிட்டால் புதுச்சேரி ஜிப்மர், அதற்கும் மேலென்றால் சென்னை. ஆக ஒரே உடம்பு, நான்கு மருத்துவமனைகள், நான்கு வெவ்வேறு எண்கள். ஓரிடத்தில் எழுதிய மருந்து அடுத்த இடத்துக்குத் தெரியவேண்டுமானால், அதைத் தெரிவிக்கிற ஒரே வழி அந்த ஜவுளிக்கடைப் பைதான்.

(இடையில் ஒன்று. உறவினர்களுக்குத் தகவல் சொல்லும்போது "கடலூர் மெடிக்கல் காலேஜில் சேர்த்திருக்கிறோம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். கல்லூரியின் பெயரில்தான் கடலூர் இருக்கிறது. மருத்துவமனை இருப்பது சிதம்பரம் அண்ணாமலை நகரில். இரத்தம் கொடுக்க ஓடி வருகிறவர் 45 கிலோமீட்டர் தள்ளிக் கடலூரில் போய் இறங்கிவிடக் கூடாது.)

ஒரே மருந்து, பல பெயர்

இதில் என்ன ஆபத்து என்று கேட்கலாம். ஒரு எடுத்துக்காட்டு போதும். டோலோ, கால்பால், குரோசின் என்பவை மூன்று மருந்துகள் அல்ல, மூன்றும் பாராசிட்டமால்தான். இரண்டு சீட்டுகளில் இரண்டு பெயர்களில் இருந்தால், வீட்டிலுள்ளவர்கள் இரண்டையும் கொடுத்துவிடுவார்கள். ஒரு நாளில் நான்கு கிராமுக்கு மேல் போனால் கல்லீரல் கெட்டுப்போகும் மருந்து அது. காய்ச்சல் மாத்திரைதானே என்று நாம் அலட்சியமாக நினைப்பதே இப்படி.

சர்க்கரை மாத்திரையில் இது இன்னும் கடுமையானது. நாங்கள் அறிந்த ஒரு குடும்பத்தில் வயதான ஒரு தாயாருக்கு ஒரு மருத்துவர் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த ஒரே மாத்திரையை எழுதியிருந்தார். வேறோர் இடத்தில் இலவசமாகக் கிடைத்த மாத்திரைகளையும் அவர் வாங்கி வந்தார். அவையும் அதே இரண்டு மருந்துகள்தான், தனித்தனி அட்டையில். நிறம் வேறு, அளவு வேறு என்பதால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஃபஜ்ர் நேரத்தில் எழுப்பப் போனபோது உடம்பெல்லாம் வியர்த்து நினைவில்லாமல் கிடந்தார். சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. உரிய நேரத்தில் குளுக்கோஸ் ஏற்றியதால், அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக்கொண்டார். இதில் எந்த மருத்துவரையும் குற்றம் சொல்ல முடியாது. ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களின் நிலையும் இதுவே. இதயத்தில் வால்வு மாற்றியவர்களுக்கும் இதயத் துடிப்பு ஒழுங்கில்லாத சிலருக்கும் வார்ஃபரின் போன்ற மருந்து கொடுப்பார்கள். அவர்கள் முழங்கால் வலிக்கென்று மருந்துக்கடையில் தாமே கேட்டு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொண்டால் வயிற்றுக்குள் இரத்தம் கசியலாம். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் அந்த வலி மாத்திரை ஆகாது. பென்சிலின் ஒவ்வாதவருக்கு அதே வகையில் வேறு பெயருள்ள ஊசி போட்டால் சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்து வரலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2017 மார்ச்சில் மருந்தினால் வரும் தீங்கைக் குறைப்பதற்கென்றே ஒரு உலகளாவிய முயற்சியைத் தொடங்கியது. தவிர்க்கக்கூடிய கடுமையான தீங்குகளை ஐந்து ஆண்டுகளில் பாதியாகக் குறைப்பது அதன் இலக்கு. 2019 முதல் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 17ஆம் நாள் நோயாளிகள் பாதுகாப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. மருந்து கொடுக்கும் கை தவறக்கூடும் என்பதை உலகமே ஒப்புக்கொண்டு அதற்கு வழி தேடுகிறது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

வார்டில் மூன்று ஃபாத்திமா பீவி

நம் சமுதாயத்துக்கென்றே தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. அது பெயர்.

ஒரே வார்டில் இரண்டு அப்துல் ரஹ்மான், மூன்று ஃபாத்திமா பீவி இருப்பது நம் ஊர்ப் பக்கத்தில் புதுமையல்ல. செவிலியர் "ஃபாத்திமா பீவி யாரும்மா?" என்று கேட்டால் மூன்று பேரும் தலையாட்டுவார்கள். பெயரை நாமே சொல்லி, ஆம் என்று தலையாட்ட வைப்பது தவறான முறை. உங்கள் பெயர் என்ன, பிறந்த தேதி என்ன, அல்லது மருத்துவமனை எண் என்ன என்று கேட்டு, நோயாளியே வாயால் சொல்லவேண்டும். குறைந்தது இரண்டு அடையாளங்களைச் சரிபார்த்த பிறகே மருந்தோ இரத்தமோ ஏற்றவேண்டும் என்பது உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட விதி. கையில் கட்டுகிற பட்டை அதற்காகத்தான். அரிக்கிறது என்று அதைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்துவிடாதீர்கள்.

அடுத்தது எழுத்து. ஒருவரே ஆதாரில் முகமது இஸ்மாயில், குடும்ப அட்டையில் முஹம்மத் இஸ்மாயீல், பாஸ்போர்ட்டில் வேறொரு ஆங்கில எழுத்துக்கூட்டல், மருத்துவமனைச் சீட்டில் வெறும் இஸ்மாயில் என்று இருப்பார். முஹம்மது என்ற ஒரு பெயருக்கு ஆங்கிலத்தில் எத்தனை எழுத்துக்கூட்டல் என்று எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல் போதாது. இதில் தலைப்பெழுத்து முன்னால் சில இடத்தில், பின்னால் சில இடத்தில். குடும்பப் பெயர் என்று கணினியில் ஒரு கட்டம் இருக்கும். அதில் தகப்பனார் பெயரைப் போடுவார் ஒருவர், பீவி என்பதைப் போடுவார் இன்னொருவர். மனிதன் பார்த்தால் இவை அனைத்தும் ஒரே ஆள்தான் என்று புரிந்துகொள்வான். கணினிக்கு அவர்கள் நான்கு ஆட்கள். நான்கு பேருக்கும் தனித்தனியாகக் கோப்பு திறக்கும். பென்சிலின் ஆகாது என்ற குறிப்பு ஒரு கோப்பில் இருக்கும், ஊசி எழுதப்படுவதோ இன்னொரு கோப்பில்.

வயதானவர்களின் பிறந்த தேதி இன்னொரு கதை. ஆண்டு மட்டும் தெரிந்தவர்களுக்குப் பல இடங்களில் ஜனவரி 1 என்று போட்டுவிடுகிறார்கள். பெயரும் ஒன்று, பிறந்த தேதியும் ஒன்று என்றால் இரண்டு அடையாளம் பார்த்தும் பயனில்லாமல் போகும். அப்படிப்பட்டவர்களுக்கு மருத்துவமனை எண்தான் உண்மையான அடையாளம். ஜிப்மரில் கொடுக்கும் எண்ணானாலும் சிதம்பரத்தில் கொடுக்கும் எண்ணானாலும், அந்தப் பழைய எண்ணையே காட்டுங்கள். வரிசையில் நிற்கச் சோம்பல்பட்டு ஒவ்வொரு முறையும் புதுச்சீட்டு போட்டால் ஒவ்வொரு முறையும் நீங்கள் புது ஆள்.

எனவே நம் வேண்டுகோள்: வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஆதாரில் எந்த எழுத்துக்கூட்டல் இருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் சொல்லுங்கள். ஆதாரிலேயே தவறு என்றால் முதலில் அதைத் திருத்துங்கள். குழந்தைக்குப் பெயர் வைக்கும்போதே ஆங்கில எழுத்துகளையும் முடிவுசெய்து எழுதிவைப்பது நல்லது. இது பாஸ்போர்ட்டுக்கு மட்டும் தேவைப்படுகிற காரியமல்ல.

கணினி என்ன செய்கிறது

மருத்துவக் குறிப்பு என்பது மேல்நாட்டார் நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. 9ஆம் நூற்றாண்டில் இஸ்ஹாக் இப்னு அலீ அர்ருஹாவீ எழுதிய 'அதபுத் தபீப்' என்னும் மருத்துவ ஒழுக்க நூலில், மருத்துவர் ஒவ்வொரு முறை நோயாளியைப் பார்க்கும்போதும் நிலைமையையும் கொடுத்த மருந்தையும் எழுதிவைக்க வேண்டும் என்றும், நோயாளி குணமானாலும் இறந்தாலும் அந்தக் குறிப்பை மற்ற மருத்துவர்கள் ஆராய வேண்டும் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. ராஸியின் பெருநூலான 'அல்ஹாவீ'யும் அவர் எழுதிவைத்திருந்த குறிப்புகளிலிருந்து அவருக்குப் பின் தொகுக்கப்பட்டதே. மதரஸாவில் அவர்கள் பெயரைப் பெருமையோடு சொல்கிற நாம், நம் வீட்டு நோயாளியின் சீட்டைப் பையில் சுருட்டி வைக்கிறோம்.

எழுதிவைப்பதோடு கணினி இன்னொன்றையும் செய்கிறது. எழுதும்போதே எச்சரிக்கிறது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் பிரிகாம் மருத்துவமனையில் மருத்துவர்கள் மருந்தைக் கையால் எழுதாமல் கணினியில் பதியும் முறை வந்தபோது கடுமையான மருந்துத் தவறுகள் 55 சதவீதம் குறைந்தன என்று 1998இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதே மருத்துவமனையில், நோயாளியின் கைப்பட்டையையும் மருந்து உறையையும் பார்கோடு கருவியால் ஒப்பிட்ட பிறகே கொடுப்பது என்று வைத்தபோது, கொடுப்பதில் நேரும் தவறுகள் (நேரம் தவறுவதைச் சேர்க்காமல்) 41 சதவீதம் குறைந்ததை 2010இல் வந்த ஆய்வு காட்டியது.

நம் மாநிலமும் இதில் பின்தங்கியிருக்கவில்லை. 2005இல் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கிய தமிழ்நாடு சுகாதார அமைப்புத் திட்டத்தின் மூலம்தான் அரசு மருத்துவமனைகளில் கணினிப் பதிவு பரவலானது. 108 ஆம்புலன்ஸ் 2008 செப்டம்பரில் வந்ததும் அதே காலத்தில்தான். ஆனால் நம் பெண்மக்களுக்கு நேரடியாகத் தெரிந்த திட்டம் பிக்மிதான்.

கர்ப்பம் உறுதியானதும் கிராம சுகாதாரச் செவிலியர் பதிந்து கொடுக்கும் 12 இலக்க எண்ணைப் பலரும் "மகப்பேறு நிதி வாங்குகிற நம்பர்" என்றே நினைக்கிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் தரும் 18,000 ரூபாய்க்கும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேண்டும் என்பது உண்மையே. அதனால்தான் தனியார் மருத்துவமனையில் பார்க்கிறவர்களும் ஏழாம் மாதத்தில் ஓடிப்போய்ப் பதிகிறார்கள். ஆனால் அந்த எண்ணின் முதல் பயன் பணமல்ல. தாயின் இரத்த அழுத்தம், இரத்தச்சோகை, சர்க்கரை, முந்தைய சிசேரியன், இரத்த வகை எல்லாம் அதன்கீழ் பதிவாகின்றன. அபாயமுள்ள தாய்மார்கள் யார் என்று தனியாகத் தெரிகிறது. மூன்றாம் மாதத்துக்குள் பதிந்தால்தான் இதற்குப் பொருள் உண்டு.

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவது நம்மிடம் வழக்கம். பரங்கிப்பேட்டையில் வாழ்க்கைப்பட்ட பெண் பிரசவத்துக்கு நாகூருக்கோ லால்பேட்டைக்கோ போவாள். இதுவரை பார்த்த மருத்துவர் ஒருவர், பிரசவம் பார்ப்பவர் வேறொருவர். பெண்ணுக்கு ஆர்.ஹெச். நெகட்டிவ் இரத்தம் என்று வைத்துக்கொள்வோம். பிறக்கும் குழந்தைக்கு பாசிட்டிவ் என்றால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஆன்டி-டி ஊசி போட்டாக வேண்டும். தவறினால் இந்தக் குழந்தைக்கு ஒன்றுமில்லை; அடுத்த குழந்தைக்குத்தான் ஆபத்து. பரங்கிப்பேட்டையில் எழுதிய அந்த ஒரு வரி பிரசவ அறைக்குத் தெரிந்திருக்க வேண்டும். மகப்பேறு அட்டையும் எண்ணும் பெண்ணோடு பயணம் செய்ய வேண்டும். மாமியார் வீட்டு அலமாரியில் இருக்கக்கூடாது. புது ஊருக்குப் போனதும் அங்குள்ள செவிலியரிடம் எண்ணைச் சொல்லிவிடுங்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. இரத்த அழுத்தம், சர்க்கரை நோயாளிகளுக்கு வீட்டுக்கே மருந்து வருகிறது. வரும் பெண் தன்னார்வலர் தம் கைபேசியில் பதிந்துகொள்வதைக் கண்டு சில வீடுகளில் "எதற்கம்மா இதெல்லாம் எழுதுகிறீர்கள்" என்று கடுப்பாகக் கேட்கிறார்களாம். அவரிடம் மறைக்க வேண்டாம். தனியார் மருத்துவரிடம் வாங்குகிற மாத்திரை அட்டையையும் எடுத்துக் காட்டுங்கள். மேலே சொன்ன தாயாருக்கு நடந்ததைத் தடுக்கக்கூடியது அந்த ஒரு நிமிடம்தான்.

ஆபா எண்ணும் அபுதாபி கைபேசியும்

இனி, பலரும் எங்களிடம் சந்தேகம் கேட்கிற ஆபா எண். மத்திய அரசு 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதும் தொடங்கிய டிஜிட்டல் சுகாதாரத் திட்டத்தில் தரப்படும் 14 இலக்க எண் இது. கட்டணம் கிடையாது. வெவ்வேறு மருத்துவமனைகளிலும் பரிசோதனை நிலையங்களிலும் உள்ள உங்கள் பதிவுகளை ஒரே எண்ணில் கோத்து, உங்கள் கைபேசியில் நீங்களே பார்க்கவும், நீங்கள் சம்மதித்தால் புது மருத்துவர் பார்க்கவும் இது உதவும். பல மருத்துவமனைகளில் க்யூஆர் குறியீட்டைக் கைபேசியில் படம்பிடித்தால் வெளிநோயாளிச் சீட்டுப் பதிவும் சீக்கிரம் முடிகிறது.

இது காப்பீட்டு அட்டை அல்ல என்பதை அழுத்திச் சொல்கிறோம். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தருவது முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம். அதற்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும், வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் வேண்டும். ஆபா எண்ணைக் காட்டி அறுவை சிகிச்சை இலவசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆபா எடுப்பது கட்டாயமல்ல, விருப்பம். எடுக்காதவருக்குச் சிகிச்சை மறுக்க முடியாது. பதிவுகள் ஒரே இடத்தில் குவிக்கப்படுவதில்லை. எந்த மருத்துவமனையில் உண்டானதோ அங்கேயே இருக்கும், உங்கள் சம்மதத்தின்பேரில் மற்றவர் பார்ப்பார். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் முடியும். நம் மக்களிடையே, நம் தகவல் யார் கைக்குப் போகுமோ என்ற அச்சம் இருப்பதை அறிவோம். அந்த அச்சத்தைக் கேலி செய்ய நாங்கள் தயாராக இல்லை. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது என்றாலும், சட்டம் ஏட்டில் இருப்பதற்கும் நடைமுறைக்கும் இடைவெளி உண்டு. ஆனால் நாள்பட்ட நோயுள்ளவர்கள், இரத்தம் உறையாமை மருந்து சாப்பிடுகிறவர்கள், பல மருத்துவமனைகளுக்குப் போகிறவர்கள், இவர்களுக்கு இதனால் வரும் நன்மை அந்த அச்சத்தைவிடப் பெரிது என்பது எங்கள் கருத்து. உடல்நலத்தோடு இருக்கும் இளைஞர் அவசரப்படத் தேவையில்லை.

நம் பகுதியில் இதில் ஒரு நடைமுறைச் சிக்கல். ஆபா எண்ணுக்கு ஆதாரோடு இணைத்த கைபேசிக்கு ஓடிபி வரும். அத்தாவின் ஆதாரில் இருப்பது மகனின் எண். மகன் இருப்பதோ அபுதாபியில். உம்மாவின் ஆதாரில் இருப்பது ஐந்து வருடம் முன்பு நின்றுபோன எண். மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டு வளைகுடாவுக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, அவர் வேலையில் இருந்து எடுக்காமல், ஓடிபியின் நேரம் முடிந்து, மறுபடி முதலிலிருந்து. இதைத் தவிர்க்க, பெரியவர்களின் ஆதாரில் வீட்டிலேயே இருக்கும் ஒருவரின் எண்ணைச் சேர்த்துவிடுங்கள். ஆதார் மையத்திலும் பல அஞ்சலகங்களிலும் இதைச் செய்கிறார்கள். கூடுமானால் பெண்களுக்கு அவர்களுடைய சொந்த எண்ணே இருக்கட்டும். தன் உடம்பைப் பற்றிய பரிசோதனை முடிவை முதலில் அறியும் உரிமை அவளுக்குத்தான்.

நோயும் ஓர் அமானிதம்

தகவல் கசிவு என்றதும் அரசையும் நிறுவனங்களையும் மட்டும் நினைக்கிறோம். நம் கைகளைப் பார்ப்போம். ஜமாஅத் வாட்ஸ்அப் குழுக்களில் வாரத்துக்கு ஒரு மருத்துவ உதவி வேண்டுகோள் வருகிறது. அதோடு ஸ்கேன் அறிக்கை, நோயாளியின் முகப்படம், ஆதார் அட்டை, வங்கிக் கணக்கு, வீட்டு முகவரி அத்தனையும். மணமாகாத பெண்ணின் கருப்பைப் பரிசோதனை அறிக்கை இருநூறு பேர் பார்க்கும் குழுவில் வந்து விழுந்ததைக் கண்டிருக்கிறோம். அனுப்பியவர் நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினார். ஆனால் அது ஊர் ஊராகப் போயிற்று. பிறகு யாராலும் அழிக்க முடியவில்லை. மனநல மருந்து சாப்பிடுகிறவர், காசநோய் மருந்து சாப்பிடுகிறவர் ஆகியோரின் திருமணப் பேச்சே இதனால் நின்றுபோவதுண்டு.

ஒருவர் நம்மிடம் நம்பிக் காட்டுகிற நோய் அமானிதம். நம் அறக்கட்டளைக்கு வரும் விண்ணப்பங்களில் அறிக்கைகளை நிர்வாகத்தில் இருவர் மட்டுமே பார்க்கிறோம். அசலைத் திருப்பித் தந்துவிடுகிறோம். பொதுவில் உதவி கேட்க நேர்ந்தால் "இன்ன ஊர்ச் சகோதரி, அறுவை சிகிச்சை, இவ்வளவு தேவை" என்பதற்கு மேல் ஒரு வரியும் போடுவதில்லை. கொடுக்கிறவருக்குச் சான்று வேண்டுமென்றால் அலுவலகத்துக்கு வந்து விசாரிக்கட்டும். மற்ற குழு நிர்வாகிகளும் இதைப் பின்பற்றவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

கணினியும் படுத்துக்கொள்ளும்

கணினி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டோம். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையில் கணினியில் மருந்து பதியும் முறையை அவசரமாகப் புகுத்தியபோது, வேறிடங்களிலிருந்து அனுப்பப்பட்டு வந்த குழந்தைகளின் இறப்பு 2.80 சதவீதத்திலிருந்து 6.57 சதவீதமாக உயர்ந்ததாக 2005இல் வந்த ஆய்வு கூறிற்று. குழந்தை வந்து சேர்ந்து பதிவான பிறகுதான் மருந்தைக் கணினியில் எழுத முடியும் என்ற நிலை. முன்பெல்லாம் வண்டி வழியில் இருக்கும்போதே மருந்து தயாராக இருந்தது. கருவியைவிட அதைப் பயன்படுத்தும் முறைதான் முக்கியம் என்பதற்கு இதைவிட வேதனையான சான்று வேண்டியதில்லை.

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் இணையத் தாக்குதலில் முடங்கின. நாட்டின் தலைசிறந்த மருத்துவமனையில் இரண்டு வாரம் போலக் கையால் எழுதிச் சமாளித்தார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போகவேண்டாம். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூரைத் தாக்கியபோது பல ஊர்களில் எத்தனை நாள் மின்சாரம் இல்லாமல் இருந்தோம் என்பது நினைவிருக்கும். கைபேசி செத்துக் கிடந்தது. அதற்கு முன் சுனாமியிலும், பின்பு 2015 வெள்ளத்திலும் காகிதங்கள் நனைந்து கூழாகிப் போயின. ஒன்றில் காகிதம் தோற்றது, இன்னொன்றில் கருவி தோற்றது. ஆகவே இரண்டும் வேண்டும்.

வீட்டில் செய்யவேண்டியதை எளிதாகச் சொல்கிறோம். நோயாளி ஒவ்வொருவருக்கும் ஒரு பிளாஸ்டிக் உறைக் கோப்பு. புதிய சீட்டு மேலே, பழையது கீழே. அதன் முகப்பில் ஒரே ஒரு தாள். அதில் ஆதாரில் உள்ளபடி பெயர், பிறந்த ஆண்டு, இரத்த வகை, ஒவ்வாத மருந்து (பெரிய எழுத்தில், சிவப்பு மையில்), இருக்கும் நோய்கள், நடந்த அறுவை சிகிச்சைகள், இப்போது சாப்பிடும் மருந்துகள். மருந்தின் விற்பனைப் பெயரை மட்டும் எழுதாமல், அட்டையில் அதனருகே அச்சிட்டிருக்கும் மூலப்பெயரையும், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை என்பதையும் எழுதுங்கள். படிக்கிற பேத்தி பேரனிடம் கொடுத்தால் அரை மணி நேரத்தில் முடிக்கும் வேலை. அந்தத் தாளைக் கைபேசியில் படமெடுத்து, வீட்டில் இருவர் கைபேசியிலும் வளைகுடாவில் உள்ள மகன் கைபேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். மருந்து மாறினால் பழைய படத்தை அழிக்கவேண்டும். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பழைய பட்டியல் பட்டியல் இல்லாததைவிட ஆபத்து. தாளின் மூலையில் தேதி போடுங்கள்.

நாட்டு மருந்து, யுனானி லேகியம், மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய வலி மாத்திரை ஆகியவையும் அந்தத் தாளில் வரவேண்டும். மருத்துவர் திட்டுவார் என்று மறைப்பவர்கள் அதிகம். திட்டினால் திட்டட்டும்.

ரமலானில் இந்தத் தாள் இரண்டாகிறது. நோன்பு வைக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கு மருத்துவர் பெரும்பாலும் காலை மருந்தை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றி, ஸஹர் நேர அளவைக் குறைப்பார். பெருநாள் முடிந்ததும் பழைய அளவுக்குத் திரும்பவேண்டும். எது நோன்பு அளவு, எது வழக்க அளவு என்று தெரியாமல் ஷவ்வாலில் குழம்புகிறவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம். ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்து, நோன்புக்கால அட்டவணையைத் தனித்தாளில் வாங்கிக்கொள்ளுங்கள். விரல்நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. தலைசுற்றினால் பார்க்கத் தயங்க வேண்டாம். ஹஜ், உம்ராவுக்குப் போகும் பெரியவர்கள் அந்த ஒருபக்கத் தாளை ஆங்கிலத்தில் எழுதி, கழுத்தில் தொங்கும் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். மக்காவில் மயங்கி விழுந்தவரிடம் தமிழில் கேட்க அங்கே ஆள் இருக்கமாட்டார். மூலப்பெயர் எழுதியிருந்தால் எந்த நாட்டு மருத்துவருக்கும் புரியும்.

கேட்டு வாங்குங்கள்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரி வாங்காமல் வெளியே வராதீர்கள். உள்நோயாளியின் பதிவுகளை மருத்துவர் மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும், நோயாளியோ அவரால் அனுமதிக்கப்பட்டவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும் என்பது இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு விதி. எழுத்தில் கேளுங்கள்; பணிவாகக் கேளுங்கள்; ஆனால் கேளுங்கள். மருந்தின் மூலப்பெயரைப் புரியும்படி, கூடுமானவரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதவேண்டும் என்று 2016இல் அதே விதியைத் திருத்தினார்கள். சீட்டு புரியவில்லை என்றால் மருந்துக்கடைக்காரரின் யூகத்துக்கு விடாமல் மருத்துவரிடமே திரும்பிப் போய், இது என்ன மருந்து, எதற்காக என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. பரிசோதனை நிலையத்தில் முடிவைத் தாளில் வாங்குவதோடு பிடிஎஃப் கோப்பாகவும் கைபேசிக்கு அனுப்பச் சொல்லுங்கள். பல இடங்களில் கூடுதல் கட்டணமில்லை.

பெண் மருத்துவரிடம் மட்டுமே பேச விரும்பும் சகோதரிகளுக்கு அரசின் இ-சஞ்சீவனி தொலைமருத்துவம் சிறு உபாதைகளுக்கு உதவும். மருந்துச்சீட்டும் கைபேசிக்கே வந்துவிடும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பக்கவாதம் போன்றவற்றுக்கு அது வழியல்ல, உடனே 108தான்.

இந்தத் தாளை எழுதித் தரவும், ஆபா எடுக்க விரும்புவோருக்கு எடுத்துத் தரவும் ஒவ்வொரு ஞாயிறும் அஸர் தொழுகைக்குப் பிறகு அலுவலகத்தில் நம் கல்லூரி மாணவர்கள் இருவர் இருப்பார்கள், இன்ஷா அல்லாஹ். பெண்களுக்கு மதரஸாவின் ஆசிரியைகள் தனியறையில் உதவுவார்கள். ஆதார் அட்டை, அதில் இணைத்த எண்ணுள்ள கைபேசி, எல்லாச் சீட்டுகள், வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகள் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். காலியான அட்டைகளையும் எறிந்துவிடாமல் எடுத்து வாருங்கள். படுக்கையில் இருக்கும் பெரியவர்களை அழைத்துவர வேண்டியதில்லை. தகவல் சொன்னால் பிள்ளைகள் வீட்டுக்கே வருவார்கள்.